ரைசனா, ஐ5-ஆ... காசை எதுல போடலாம்?

காலேஜ்ல சீட் கிடைச்சாச்சு. வீட்டுலயும் 'சரி, கம்ப்யூட்டர் வாங்கிக்கோ'னு தலையாட்டியாச்சு. அப்பாவோட சொசைட்டி லோனோ, அம்மா கட்டிட்டு வந்த சீட்டுப் பணமோ... ஏதோ ஒண்ணு உங்க கைக்கு வரப்போகுது. இனிமேதான் கச்சேரியே! 'ஏஎம்டி வாங்குடா, அது சூடாகும்கிறதெல்லாம் பழைய கதை' என்பான் கிளாஸ்மேட். 'இன்டெல் இல்லைன்னா அது ஒரு கம்ப்யூட்டரா?' என்பார் பக்கத்து வீட்டு அண்ணன். கடைக்காரரோ, எது ஸ்டாக்குல தேங்கிக் கிடக்கோ அதை எடுத்து மேஜை மேல வைப்பார்.

இந்தச் சண்டையில ரொம்ப வருஷமா சிக்கிக்கிட்டு இருக்கிற ரெண்டு பேரை இன்னிக்கு எதிரெதிரே நிறுத்துவோம். ஒருத்தர், இன்டெல் கோர் ஐ5-12400எஃப். 2022 ஜனவரியில் வந்தவர். அறிமுக விலை 167 டாலர். இன்னொருத்தர், ஏஎம்டி ரைசன் 5 5600. அதே வருஷம் ஏப்ரலில், 199 டாலர் விலையில் வந்தவர். ரெண்டு பேருமே நடுத்தரக் குடும்பம்.

'2022 சரக்கா? பழசாச்சே'னு உதட்டைப் பிதுக்காதீங்க. ரெண்டுமே டிடிஆர்4 ரகம் ரேம்ல ஓடும். ஏஎம்டியின் அடுத்த தலைமுறையான ரைசன் 7000 வரிசைக்கு டிடிஆர்5 போட்டே ஆகணும். 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை எல்லாம் அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை தாறுமாறா எகிறிய கதை உங்களுக்கே தெரியும். வீட்டுல ஏற்கெனவே ஒரு ஜோடி டிடிஆர்4 ரேம் இருக்கிறவங்களுக்கு, இந்தப் பழைய ஜோடி இன்னும் கணக்குல இருக்கு.

சரி, பெட்டி மேல என்ன போட்டிருக்கு? ரெண்டிலும் 6 கோர், 12 த்ரெட். ரெண்டிலும் அதிகபட்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். ரெண்டிலும் '65 வாட்'. அட, ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கே! அப்போ விலை குறைஞ்சதை எடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?

அங்கேதான் கதையே இருக்கு.

பரோட்டா மாஸ்டர் தியரி

கிகாஹெர்ட்ஸ்னா என்ன? ராத்திரி பரோட்டாக் கடைக்குப் போய் நில்லுங்க. மாஸ்டர் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை கையை வீசுறார், அதுதான் கிகாஹெர்ட்ஸ். ஆனா, ஒரு வீச்சுக்கு எத்தனை பரோட்டா கல்லுக்குப் போகுது? அது வேற கணக்கு. ஒருத்தர் வேகமா வீசுவார், வீச்சுக்கு ஒண்ணு. இன்னொருத்தர் அதே வேகத்துல வீசுவார், ஆனா ரெண்டு கையிலயும் ஆளுக்கொண்ணா பறக்கும். பசியோட உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு எது முக்கியம்? இலைக்கு வந்து சேர்ற பரோட்டாதானே!

12400எஃப்-ல இருக்கிற ஒவ்வொரு கோரும் ஒரே சமயத்துல 6 கட்டளைகளைப் பிரிச்சுப் படிக்கிற அகலம் கொண்டது. 5600-ல இருக்கிற 'ஜென் 3' கோருக்கு அந்த அகலம் 4. அதனால 4.4-ம் 4.4-ம் சமம்னு தோணினாலும், ஒத்தைக் கோரை வெச்சு அளக்கும்போது இன்டெல் முன்னால போகுது. சினிபெஞ்ச் ஆர்23-ங்கிற சோதனையில ஒத்தைக் கோர் மதிப்பெண் 12400-க்கு சுமார் 1,700. 5600-க்கு சுமார் 1,500. ஆறு கோரையும் சேர்த்து விரட்டினா, சுமார் 12,000-க்கு எதிரா சுமார் 11,000.

ஆனா மாஸ்டர் பக்கத்துல மாவு உருண்டை எவ்வளவு அடுக்கி வெச்சிருக்காங்கங்கிறதும் ஒரு விஷயம். பக்கத்துத் தட்டு காலியானா, உள்ளே ஸ்டோர் ரூமுக்கு ஓடணும். அந்த நேரம் கல்லு சும்மா காயும். பிராசஸர்ல அந்தத் தட்டுக்குப் பேர் கேச். ஸ்டோர் ரூம்தான் ரேம். 5600-ல பெரிய தட்டு. எல்3 கேச் 32 எம்.பி. 12400-ல 18 எம்.பி. கேம்ஸுக்குப் பெரிய தட்டு ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் ஒத்தைக் கோர் சோதனையில பின்தங்குற ரைசன், கேம்ஸ்ல தோளோடு தோள் வந்து நிக்குது. ஏஎம்டி இதே குடும்பத்துல 96 எம்.பி. எல்3 கேச் வெச்சு 5800எக்ஸ்3டி-ன்னு ஒண்ணை 2022 ஏப்ரலில் இறக்கினாங்க. அது கேம்ஸ்ல போட்ட ஆட்டம் தனிக் கதை.

இந்த கிகாஹெர்ட்ஸ் மயக்கம் புதுசும் இல்லை. 2001-ல ஏஎம்டி, 1.53 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற தன்னோட சிப்புக்கு 'அத்லான் எக்ஸ்பி 1800+'னு பேர் வெச்சது. 'நம்பரைப் பார்த்து எங்களை எடை போடாதீங்க'ங்கிற ஆதங்கம்தான். அந்தப் பக்கம் இன்டெல் பென்டியம் 4-ஐ வெச்சுக்கிட்டு நம்பரை ஏத்திக்கிட்டே போனது. 4 கிகாஹெர்ட்ஸ் வரும்னு சொல்லிட்டு, 2004 அக்டோபரில் சூடும் மின்சாரமும் தாங்காம அதைக் கைவிட்டது. அப்போ இன்டெல் தலைவராக இருந்த கிரெய்க் பாரெட், ஒரு கருத்தரங்க மேடையிலேயே விளையாட்டா மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டார்! அத்தனைக்கும் அப்புறமும் நம்ம ஊர்க் கடைகள்ல முதல் கேள்வி, 'எத்தனை கிகாஹெர்ட்ஸ் தம்பி?'தான்.

அந்த பார் சார்ட்டை நம்பலாமா?

யூ-டியூப்ல ரிவ்யூ பார்த்திருப்பீங்க. கலர் கலரா கோடு. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. 'அய்யோ, பத்து பிரேம் கம்மியா?'னு மனசு உடைஞ்சு போயிடும். அவசரப்படாதீங்க. பிராசஸரைச் சோதிக்கிறவங்க, உலகத்துலயே விலை கூடின கிராஃபிக்ஸ் கார்டைத்தான் மாட்டுவாங்க. ஏமாத்துறதுக்காக இல்லை. கார்டு இழுத்தடிச்சா, பிராசஸரோட வித்தியாசம் வெளியே தெரியாதுங்கிறதுக்காக. சோதனைக்கு அது சரி. ஆனா உங்க வீட்டுக்கு வரப்போறது அந்தக் கார்டு இல்லையே! ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கார்டு போட்டு, பெரிய கேம் ஒண்ணை நல்ல தரத்துல ஓட்டினா, மூச்சு வாங்குறது கார்டுதான். பிராசஸர் ரெண்டும் ஓரமா உட்கார்ந்து வேர்க்கடலை கொறிச்சுக்கிட்டு இருக்கும். எது உள்ளே இருக்குன்னு கண்ணைக் கட்டிக் கேட்டா உங்களால சொல்ல முடியாது.

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி, நூத்துக்கணக்குல பிரேம் துப்புற கேம்ஸ்ல பிராசஸர் வித்தியாசம் எட்டிப் பார்க்கும்தான். ஆனா உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸா இருந்தா, திரையில விநாடிக்கு 60 தடவைதான் படம் மாறும். 200-க்கும் 220-க்கும் நடுவுல சண்டை போடுறதுக்குப் பதிலா மானிட்டரைப் பாருங்க.

கேம்ஸ் இல்லை, படிப்புக்குத்தான்னா கணக்கு கொஞ்சம் மாறும். மெக்கானிக்கல், சிவில் மக்கள் கேட் சாஃப்ட்வேர்ல மாடல் போடும்போது பெரும்பாலான வேலை ஒத்தைக் கோர் தலையிலதான் விழும். அங்கே 12400-க்கு என் ஓட்டு. கோடிங் பசங்களுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும், எமுலேட்டரும், இருபது டேப் திறந்த பிரவுசரும் சேர்ந்து ஓடணும். அங்கே எந்த பிராசஸர்ங்கிறதை விட 16 ஜி.பி. ரேம் இருக்கா, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி இருக்காங்கிறதுதான் உயிர்நாடி. மெஷின் லேர்னிங் படிக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்க பாரத்தைத் தூக்கப்போறது கிராஃபிக்ஸ் கார்டு.

ஒரு எழுத்து... ஒரு ராத்திரி தூக்கம்!

இப்போ சொல்லப்போறதை ரெண்டு தடவை படிங்க. 12400எஃப்-ல கடைசியா ஒட்டிக்கிட்டு இருக்கே 'எஃப்', அதுக்கு அர்த்தம்: உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன் 5600-லயும் கிடையாது. தனிக் கார்டு இல்லாம இந்த ரெண்டுல எதை மாட்டினாலும், ஃபேன் சுத்தும், லைட் எரியும், திரையில மட்டும் ஒண்ணும் வராது. கார்டுக்குன்னு தனியா பட்ஜெட் போடாம, 'அதே பிராசஸர்தான், விலை கம்மி'னு எஃப் வாங்கிட்டு வந்து, மதர்போர்டுல ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கே, ஏன் படம் வரலைன்னு விடிய விடிய முழிக்கிறது ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் நடக்கிற கூத்து.

இப்போதைக்கு கார்டு வேண்டாம், ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம்னா, எஃப் இல்லாத 12400 எடுங்க. அறிமுக விலை 192 டாலர். உள்ளேயே யுஹெச்டி 730 இருக்கு. படிப்பு, படம், வீடியோ எடிட்டிங் எல்லாத்துக்கும் போதும். எடிட்டிங்ல வீடியோவை வேகமா பிரிச்சுக் கொடுக்கிற 'க்விக் சிங்க்'கும் சேர்ந்தே வரும். விஸ்காம் பசங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். கார்டு இல்லாமலே கொஞ்சம் கேம்ஸும் ஆடணும்னா ஏஎம்டி பக்கம் 5600ஜி. அதுல இருக்கிற வேகா கிராஃபிக்ஸ், யுஹெச்டி 730-ஐ ஓரங்கட்டிடும்.

ஆனா 'ஜி'க்கும் ஒரு விலை இருக்கு. 5600ஜி-ங்கிறது 5600-ல கிராஃபிக்ஸ் சேர்த்தது இல்லை. அது வேற சிப். எல்3 கேச் பாதிதான், 16 எம்.பி. கார்டுக்குப் போற பிசிஐஇ பாதையும் பழைய 3.0. இன்னொரு கில்லாடி இருக்கார், ரைசன் 5 5500. நூறு நம்பர்தானே கம்மின்னு தோணும். அதுவும் அந்த ஜி சிப்தான், கிராஃபிக்ஸை மூடிட்டு வித்தது! தட்டும் பாதி, பாதையும் பழசு. 2022-ல வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி, நாலே நாலு லேன் வெச்சிருக்கிற மலிவுக் கார்டை அந்தப் பழைய பாதையில போட்டா வேகம் நல்லாவே அடிவாங்கும். மலிவும் மலிவும் சேர்ந்து நம்ம தலையில கை வைக்கிற இடம் இது.

பிராசஸருக்குக் கொடுக்கிற காசு எவ்வளவு?

பொதுவா பிராசஸர் விலையை மட்டும் ஒப்பிடுறோம். ஆனா யாரும் பிராசஸரைத் தனியா சட்டைப் பையில வெச்சுக்கிட்டு அலையறது இல்லையே! போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட், கார்டு... எல்லாத்தையும் சேர்த்து, ஒரு பேச்சுக்கு 50,000 ரூபாய்னு வையுங்க. ரெண்டு பிராசஸருக்கும் நடுவுல 1,500 ரூபாய் வித்தியாசம்னா, அது மொத்தத்துல 3 சதவிகிதம். அதுக்காகத்தான் மூணு நாளா சோறு தண்ணி இல்லாம விவாதம் பண்றோம். அதே சமயம், ஒரே 16 ஜி.பி. ரேமா போடுறதா, எட்டு எட்டா ரெண்டு போடுறதாங்கிறதைக் கடைக்காரர் முடிவு பண்றார். ஒரே குச்சி போட்டா மெமரிக்குப் போற ரெண்டு வழியில ஒண்ணு அடைச்சுக்கும். கேம்ஸ்லயும், முக்கியமா 5600ஜி மாதிரி உள் கிராஃபிக்ஸ்லயும், அதனால இழக்கிறது இந்த ரெண்டு பிராசஸருக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தை விடப் பெருசு.

போர்டையும் கவனிங்க. 12400எஃப்-க்கு மலிவான துணை ஹெச்610 போர்டு. கார்டுக்கு 4.0 பாதை அதுலயே கிடைச்சிடும். 5600-க்கு அந்தப் பாதை வேணும்னா பி550 வாங்கணும். ஏ520, பி450-ல 3.0-தான். ஆக, புதுசா எல்லாத்தையும் வாங்குறவங்க பிராசஸர் பிளஸ் போர்டு சேர்த்துத்தான் விலை கேட்கணும். அப்படிக் கேட்டா, முன்னே மலிவாத் தெரிஞ்சது பின்னே போகலாம். ரெண்டு கடையில கேட்டு, பேப்பர்ல எழுதிக்கூட்டிப் பாருங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல வெயில்ல நடக்கிறதுக்கு ஒரு பலன் வேண்டாமா?

ஆனா ஒரு கூட்டத்துக்கு மட்டும் இந்தப் போட்டியே கிடையாது. அண்ணனோ அக்காவோ 2018, 19-ல வாங்கின ஏஎம்4 போர்டு வீட்டுல இருக்கா? பி450 போர்டு, ரைசன் 3 2200ஜி மாதிரி? அப்போ பதில் 5600-தான். சாக்கெட் அதேதான். 2017-ல ரைசன் வந்த நாள்லேர்ந்து ஏஎம்டி அந்த சாக்கெட்டை மாத்தாம வெச்சிருந்தது பெரிய புண்ணியம். முதல்ல பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணிடுங்க. அந்த அஞ்சு நிமிஷம் யுபிஎஸ் இல்லாம செய்யாதீங்க. பாதியில கரன்ட் போனா போர்டு போச்சு! அப்புறம், தனிக் கார்டு ஏற்கெனவே இருந்தா பிராசஸரை மட்டும் மாத்தினா போதும். போர்டு, ரேம் செலவு பூஜ்யம். இந்தக் கணக்குல இன்டெல் கிட்டவே வர முடியாது.

இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700 சாக்கெட்ல 13, 14-வது தலைமுறையும் உட்காரும். ஆனா 2024-ல அந்த ரெண்டு தலைமுறையிலும் மேல்தட்டு சிப்புகள் வோல்டேஜ் கோளாறால திடீர் திடீர்னு படுத்துக்கிட்டு, இன்டெல் ஆகஸ்ட்ல திருத்தம் வெளியிட்டு, வாரன்டியை ரெண்டு வருஷம் நீட்டிக்க வேண்டியதாச்சு. நம்ம 12400-க்கு அந்த நோய் கிடையாது. பின்னால செகண்ட்ஹேண்ட்ல பெரிய சிப்புக்கு மாறுற ஐடியா இருந்தா மட்டும், இதை ஞாபகம் வெச்சுக்கிட்டு பயாஸை அப்டேட் பண்ணிட்டு மாட்டுங்க.

சூடு? 5600 அதிகபட்சமா இழுக்கிறது 76 வாட். 12400-க்கு இன்டெல் போட்டிருக்கிற உச்சவரம்பு 117, ஆனா நடைமுறையில அது அவ்வளவு தூரம் போறது இல்லை. பெட்டியோட வர்ற கூலரே ரெண்டுக்கும் போதும். ஒண்ணே ஒண்ணு: வெளிநாட்டுக்காரர் ஏசி ரூம்ல அளந்து '70 டிகிரி'னு சொன்னா, வேலூர்ல மே மாசம் ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்திருக்கிற நீங்க மேல ஒரு பதினைஞ்சு சேர்த்துக்கணும். கேபினெட் முன்பக்கம் காத்து போற மாதிரி வாங்குங்க. கண்ணாடி போட்டு அடைச்சு ஏழு கலர்ல மின்னுறது ரிசப்ஷன் மேடைக்குத்தான் லாயக்கு.

'ஐ7' வலை

கடையில இன்னொரு குரலும் கேட்கும். 'தம்பி, எதுக்கு ஐ5? இதே காசுக்கு ஐ7 தரேன்!' ஆசைதான். எந்த வருஷத்து ஐ7-னு கேளுங்க. பல சமயம் அது 2011-ல வந்த ஐ7-2600. நாலு கோர், எட்டு த்ரெட். 2022-ல வந்த ஐ3-12100-லயும் அதே நாலு, எட்டுதான்; ஆனா அந்த ஐ7-ஐ அது ரொம்ப தூரம் பின்னாடி விட்டுடும். அதோட, விண்டோஸ் 11 கேட்கிறது இன்டெல்னா எட்டாவது தலைமுறைக்கு மேல. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாச்சு. அப்பா மாசாமாசம் தவணை கட்டிக்கிட்டு இருக்கும்போது பெட்டி காலாவதியாகி நிக்கக் கூடாது. போர்டு பேரையும் முழுசாப் படிங்க: ஹெச்61-ங்கிறது அந்த 2011 காலத்து போர்டு, ஹெச்610-ங்கிறது 2022-ல வந்தது. ஒரு சைபர்ல பதினோரு வருஷம்!

சரி, முடிவு பண்ணியாச்சு, காசு கட்டப் போறீங்க. சீல் பிரிக்காத பெட்டியா கேளுங்க. பெட்டியோட வர்றதுக்கு இன்டெல், ஏஎம்டி ரெண்டுமே மூணு வருஷ வாரன்டி தர்றாங்க. 'ட்ரே' சரக்குன்னு பிளாஸ்டிக் கவர்ல வர்றதுக்கு அந்த வாரன்டி கிடையாது. ஜிஎஸ்டி பில் கட்டாயம், அதுல சீரியல் நம்பரும் இருக்கட்டும். 5600-ஐ நீங்களே மாட்டுறதா இருந்தா, ஏஎம்4-ல பின் எல்லாம் பிராசஸர் அடியில இருக்கும்கிறதை மறக்காதீங்க. பின்னால கூலரைக் கழட்டும்போது நேரா மேல இழுத்தா, பசை பிடிச்சு பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கிட்டு வந்துடும். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடானதும் அணைச்சுட்டு, மெதுவாத் திருகி எடுக்கணும். இன்டெல்ல பின் போர்டு பக்கம் இருக்கு. அங்கே விரல் படாம இருந்தா சரி.

கடையிலேயே அசெம்பிள் பண்ணித் தந்தா, பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி அங்கேயே ஆன் பண்ணச் சொல்லி டாஸ்க் மேனேஜரைத் திறங்க. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல பிராசஸர் பேர் இருக்கும். கீழே எல்3 கேச்: 5600-னா 32, 12400-னா 18. அங்கே 16-னு காட்டினா, உங்க கையில இருக்கிறது 5500-ஓ, ஜி ரகமோ. அடுத்து மெமரியைத் தட்டுங்க, எத்தனை ஸ்லாட்ல ரேம் இருக்குன்னு தெரியும், ரெண்டு இருக்கணும். கடைப் பையன் முறைச்சா முறைக்கட்டும். ஒரு டீ சொல்லிட்டு, நிதானமாப் பார்த்துட்டு, அப்புறமா கார்டைத் தேய்ங்க!